குடும்பக் கணக்கில் செவிலி எங்கே?

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. வகுப்பு முடித்துவிட்டுச் செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது மகள் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த சதுரங்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்க அன்று மாலை ஆறு மணிதான் கடைசி. அவள் பயிலும் கழகத்தின் செயலி வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி செயலியைத் திறந்து, அவள் பெயரைத் தொட்டு, பதினொரு வயதுக்கு உட்பட்டோர் பிரிவைத் தொட்டு, கட்டணம் கட்டும் பக்கம்வரை போய்விட்டேன். 'முதன்மைக் கணக்குதாரரின் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்றது திரை. முதன்மைக் கணக்குதாரர் என் கணவர். அவர் சென்னையில் ஓர் அலுவலகக் கூட்டத்தில் இருந்தார், கைபேசி பைக்குள் இருந்தது. ஆறு மணி ஆனது. பதிவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குப் போனதும் மகள் அழவில்லை. கேள்விதான் கேட்டாள். "நீதானம்மா டெய்லி கூட்டிட்டுப் போற? அப்புறம் ஏன் அப்பாவுக்கு மட்டும் நம்பர் வருது?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளைச் சேர்த்த நாளில் கழகத்தின் சுவரில் ஒட்டியிருந்த கட்டத்தை என் கணவர் தம் கைபேசியில் படம் பிடித்துப் பணம் கட்டினார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் குடும்பக் கணக்கின் முதன்மையாளர் ஆனார். பிறப்புச் சான்றிதழை ஏற்றியவள் நான். ஒவ்வாமை பற்றிய மருத்துவக் குறிப்பை எழுதியவள் நான். அதன்பின் மாதாமாதம் கட்டணம் போனது என் சம்பளத்திலிருந்து. செயலியில் என் பெயருக்கு எதிரே இருப்பது 'இரண்டாம் பாதுகாவலர்' என்ற பட்டம். இரண்டாம் பாதுகாவலர் பார்க்கலாம், பணமும் கட்டலாம். எதையும் உறுதிசெய்ய முடியாது. மாற்ற முடியாது. நீக்க முடியாது.

நான் கணினி படித்தவள் அல்ல, தமிழ் படித்தவள். ஒரு பிரதியை வாசித்து, யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், யார் பேச அனுமதிக்கப்படவில்லை என்று கேட்பது என் தொழில். படிவமும் ஒரு பிரதிதான். நாவலை வாசிக்காத வீட்டிலும் படிவத்தை வாசித்தே ஆக வேண்டும். நாவலோடு நாம் முரண்படலாம். படிவத்தோடு முரண்பட்டால் பிள்ளையின் பெயர் பட்டியலில் வராது. ஆகவே கவிதைக்குக் கொடுக்கும் கவனத்தை ஒருமுறை இந்தக் குடும்பக் கணக்குக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

சிறார் விளையாட்டுக் கழகங்களுக்கான மென்பொருள்களில் 'குடும்பக் கணக்கு' என்பது அடிப்படை அலகு. தலையில் ஒருவர். அவருக்குக் கீழே இணைப் பாதுகாவலர். அவருக்குக் கீழே பிள்ளைகள். பிள்ளையின் பிறந்த தேதி, பாலினம், அவசரத் தொடர்பு எண், புகைப்பட ஒப்புதல், வருகைப் பதிவு, கட்டண வரலாறு எல்லாமே அந்தத் தலையில் தொங்குகின்றன. உடன்பிறந்தோர் சலுகை கிடைக்க வேண்டுமானால் எல்லாரும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். ஒரு பிள்ளையை அம்மாவும் அப்பாவும் தனித்தனிக் கணக்கில் சேர்த்தால் செயலி அவளை இரண்டு பிள்ளைகளாக எண்ணிக்கொள்ளும். ஒரு வீடு, ஒரு கதவு, ஒரு சாவி. வடிவமைத்தவருக்கு இது வசதி. ஆனால் அந்தச் சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்ற கேள்வி வசதியைப் பற்றியது அல்ல.

இப்படிக் கடமைகளைப் பங்கிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டத்தை ஒதுக்குவது நம் மரபுக்குப் புதிதும் அல்ல. புறநானூற்றின் 312ஆம் பாடலை மாணவிகள் பலரும் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்பார்கள். பொன்முடியார் பாடியது. மகனைப் பெற்று வளர்த்துத் தருவது தாயின் பங்கு, அவனைப் பண்பாளனாக்குவது தந்தையின் பங்கு, வேல் செய்து கொடுப்பது கொல்லனின் பங்கு என்று பட்டியல் நீள்கிறது. வகுப்பில் இதைத் தாயின் பெருமிதமாகவே நடத்திவந்தேன். செயலியின் அனுமதிப் பட்டியலைப் பார்த்த பிறகு வேறொன்றும் தெரிந்தது. வளர்க்கும் வேலை முழுவதும் ஒரு வரியில் தாய்க்கு. வளர்ந்தவன் யாராக வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரம் அடுத்த வரியில் தந்தைக்கு. பாடலில் மகள் இல்லை.

*

பெயரிலிருந்து தொடங்கலாம். படிவம் 'முதற்பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டங்களை வைத்திருக்கிறது. இரண்டாவது கட்டாயம். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. இருப்பது இனிஷியல். அது அப்பாவின் பெயர், பெண்ணுக்குத் திருமணத்துக்குப் பின் பல ஆவணங்களில் கணவன் பெயர். என் முனைவர் பட்டச் சான்றிதழில் என் தந்தையின் எழுத்துதான் இருக்கிறது, அதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே எங்கள் வீட்டில் கணவரின் 'குடும்பப் பெயர்' அவருடைய அப்பா. மகளின் 'குடும்பப் பெயர்' என் கணவர். என் 'குடும்பப் பெயர்' என் அப்பா. மூன்று பேர், மூன்று ஆண்களின் பெயர்கள். மூவரும் ஒரே குடும்பமா என்று செயலி சந்தேகப்பட்டு எச்சரிக்கை காட்டியது. சந்தேகம் தீர அது ஏற்றுக்கொண்ட சான்று மகளின் பெயரும் கணவரின் பெயரும் பொருந்தியதுதான். என்னைத் தனியாக 'உறவு: தாய்' என்று நிறுவ வேண்டியிருந்தது.

உலக அரங்கில் ஆர். வைஷாலியின் இனிஷியல் விரிந்து 'வைஷாலி ரமேஷ்பாபு' ஆகும்போது, நம் பெயர் முறையை அறியாதவர்கள் அதைக் குடும்பப் பெயர் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அது அவருடைய தந்தையின் பெயர். வைஷாலியையும் தம்பி பிரக்ஞானந்தாவையும் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றவர் அவர்களுடைய தாய் நாகலட்சுமி. 2023 ஆகஸ்டில் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையின்போது, கூட்டத்துக்கு ஓரமாக நின்று மகனைப் பார்த்துப் பூரித்த அவருடைய புகைப்படம் உலகமெங்கும் போனது. வெளிநாடுகளில் பிள்ளைகளுக்கு ரசமும் சோறும் சமைத்துத் தர அடுப்பையும் பாத்திரத்தையும் கையோடு கொண்டுபோகிறவர் என்று நாளிதழ்கள் எழுதின. அந்தப் புகைப்படத்தை நானும் நேசித்தேன், வகுப்பில் காட்டினேன். இப்போது அதைப் பற்றி வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாயின் உழைப்பை நாம் புகைப்படத்தில் வைத்துக் கும்பிடுகிறோம், படிவத்தில் எழுத மறந்துவிடுகிறோம். நெகிழ்ச்சிக்கு உரியவளாக இருக்கும் தாய் கையெழுத்துக்கு உரியவளாக இருக்கிறாளா?

தந்தையரின் உழைப்பையும் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டம் வென்ற குகேஷின் தந்தை மருத்துவர். மகனோடு பயணம் செய்யத் தம் தொழிலை நிறுத்தியவர் அவர். வீட்டைத் தன் சம்பளத்தில் தாங்கியவர் நுண்ணுயிரியலாளரான தாய். அழைத்துப் போகிறவர் தாய், சம்பாதிக்கிறவர் தந்தை என்ற பங்கீடு அந்த வீட்டில் தலைகீழாக இருந்தது. குடும்பங்கள் இப்படிப் பலவிதம். 'முதன்மை' என்ற ஒற்றைக் கட்டம் எந்த விதத்துக்கும் பொருந்துவதில்லை என்பதே என் வாதம்.

*

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கத்துக்கும் 2022 முதல் ஓர் உறவு. அந்த ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை 44ஆம் செஸ் ஒலிம்பியாட்டைத் தமிழ்நாடு நடத்தியது. ஆட்டங்கள் பூஞ்சேரியில். அங்கேதான் இந்தியப் பெண்கள் அணி ஒலிம்பியாடில் தன் முதல் பதக்கத்தை, வெண்கலத்தை, வென்றது. அந்த அணியில் ஹரிகா துரோணவல்லி நிறைமாதக் கர்ப்பிணியாக உட்கார்ந்து ஆடினார். போட்டியின் சின்னம் வேட்டி சட்டை போட்ட ஒரு குதிரை. அதற்குப் பெயர் 'தம்பி'. கடற்கரைச் சாலை நெடுக வணக்கம் சொன்ன அந்தத் தம்பியைப் பார்த்துப் பார்த்துத்தான் என் மகள் குதிரை எப்படிப் போகும் என்று கேட்கத் தொடங்கினாள். அன்று ஏழு வயது அவளுக்கு. "தங்கச்சி எங்கம்மா?" என்றும் கேட்டாள். அப்போது சிரித்துக்கொண்டே கடந்துவிட்டேன்.

அந்த ஆண்டுக்குப் பிறகு செங்கல்பட்டிலிருந்து கோவளம்வரை பயிற்சிக் கழகங்கள் பெருகியது என் கண்ணுக்குத் தெரிந்தே நடந்தது. சதுரங்கம் மட்டுமல்ல, இந்தக் கரையில் அலைச்சறுக்கும் உண்டு. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தியைப் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற ஆவணக் குறும்படம் 2020இல் பாஃப்டாவின் பிரிட்டிஷ் குறும்படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பலகை ஏறிய சிறுமியைப் பற்றியது மட்டுமல்ல அந்தப் படம். மகளைத் தனியாக வளர்க்கும் ஒரு தாயின் பிடிவாதத்தைப் பற்றியதும்தான். படத்தைப் பார்த்து நெகிழ்ந்த நாம், அப்படிப்பட்ட ஒரு வீடு படிவத்தின் முன் உட்காரும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பதில்லை.

என்னிடம் இளங்கலை படித்த ஒரு மாணவி மீனவக் குப்பத்துப் பெண். தங்கை அலைச்சறுக்கு பயில்கிறாள். வீட்டில் உள்ள ஒரே திறன்பேசி அப்பாவுடையது. பதிவுக்கு அந்த எண்தான். விடியுமுன் அப்பா போட்டில் ஏறும்போது கைபேசியும் ஏறிவிடும். போட்டிப் பதிவு தொடங்கும் நேரம் காலை. "ஓடிபி பத்து நிமிஷம்தான் இருக்குமாம்மா. பத்து நிமிஷத்துல கடல்லேருந்து கரைக்கு வர முடியுமா?" என்று கேட்டாள். தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில், இந்தியப் பெண்களில் தாங்களே பயன்படுத்தும் கைபேசி உள்ளவர்கள் 54 சதவீதம். மீதிப் பேருக்கு 'உங்கள் எண்' என்ற கட்டம் எப்போதும் வேறொருவரின் எண்.

அந்தத் தங்கையைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவதும், நனைந்த உடையை மாற்றவைப்பதும், பள்ளிக்கு நேரத்தோடு அனுப்புவதும் அக்காவும் ஆயாவும். படிவத்தின் உறவுப் பட்டியலில் தந்தை, தாய், சட்டப்பூர்வப் பாதுகாவலர் என்று மூன்று பதில்கள் உண்டு. அக்கா இல்லை. ஆயா இல்லை. அத்தை இல்லை. இங்கேதான் எனக்குச் செவிலி நினைவுக்கு வந்தாள்.

அகப்பாடல்களில் தலைவிக்கு இரண்டு தாயர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தொல்காப்பியம் களவியலில் தாய் என்ற பெயரையே செவிலிக்குத் தருகிறது. யார் பார்த்துக்கொள்கிறாரோ அவரே தாய் என்னும் இலக்கணம் அது. அங்கே தகவல் செல்லும் வழியும் கவனிக்கத் தக்கது. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும். அறத்தொடு நிற்றல் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருத்தியும் எதை, எப்போது, யாரிடம், எவ்வளவு சொன்னால் பெண்ணுக்கு நன்மை என்று எடைபோட்டுச் சொல்கிறாள். தந்தையும் தமையனும் குறிப்பால் உணர்வார்களே தவிர நேராக அறிவதில்லை என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. தந்தை பேசுவதாக அகத்தில் பாட்டில்லை.

செயலியில் இது அப்படியே புரட்டிப் போடப்பட்டிருக்கிறது. மகள் கழகத்துக்குள் நுழைந்தது 5.02க்கு, வெளியே வந்தது 6.31க்கு என்று தந்தைக்கு நேராகச் செய்தி போகிறது. தோழி அழிந்தாள், செவிலி அழிந்தாள். சங்க காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டும் இற்செறிப்பும் அதே அகத்தில்தான் இருக்கிறது. அந்தப் பூட்டிலும் தகவல் மனிதர்களின் கைவழியாகப் போனது, அந்தக் கைகளில் கொஞ்சம் கருணைக்கு இடம் இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

*

இந்தக் கருணை இல்லாமல் போவது யாரைக் கொல்லும் என்பதை எனக்குக் காட்டியவள் இன்னொரு மாணவி. அவள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். அடி தாங்காமல் மகளோடு கணவன் வீட்டைவிட்டு வெளியே வந்தவள். ஊர் மாறினாள், வாடகை வீட்டின் முகவரியை அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. மகளின் விளையாட்டுப் பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை. "அது ஒண்ணுலதான் அவ பழையபடி சிரிக்கிறா" என்றாள். புது ஊரில் அதே கழகத்தின் கிளை இருந்தது, அதே கணக்கு தொடர்ந்தது. நான்காம் நாள் மாலை 6.30க்கு வாசலில் அவன் நின்றான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. செயலி சொன்னது. எந்தக் கிளை, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு முடிகிறது எல்லாம் முதன்மைக் கணக்குதாரருக்குத் தெரியும்.

கழகத்தில் போய்க் கெஞ்சினாள். அவருடைய பெயரை எடுக்க வேண்டுமானால் அவரே உள்ளே நுழைந்து ஒப்புதல் தர வேண்டும் என்றார்கள். வேறு வழி, புதிதாக ஒரு கணக்கைத் தொடங்குவது. அவள் அதைத்தான் செய்தாள், வேறொரு கழகத்தில். பழைய கணக்கில் இருந்த மூன்றாண்டு வருகைப் பதிவும் ஆட்ட வரலாறும் பயிற்சியாளர் குறிப்புகளும் அங்கேயே நின்றுவிட்டன. மூன்று ஆண்டு ஆடிய சிறுமி 'புதிய உறுப்பினர்', தொடக்க நிலைப் பிரிவு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே தரும் அடையாள எண்ணோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண்ணும் அதில் ஏறும் தரப்புள்ளிகளும் ஆடுபவருக்கே உரியவை. அவர் எந்த வீட்டில் இருந்தாலும், எந்த நாட்டுக்கு மாறினாலும் கூடவே வரும். ஆடிய ஆட்டம் ஆடியவளுக்கு என்ற எளிய நியாயம் கழகச் செயலியில் இல்லை. அங்கே அவள் ஆட்டம் குடும்பத் தலைவரின் சொத்து.

சட்டம் இந்த இடத்தைப் பல ஆண்டுகளாகத் தடவித் தடவிக் கடந்துகொண்டிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், ஆறாம் பிரிவில், இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பின் தாய் என்கிறது. அதே பிரிவு ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பராமரிப்பு தாய்க்கு, பாதுகாவல் பட்டம் தந்தைக்கு. 1984இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் இளவயது மகன் பெயரில் பத்திரம் வாங்க, தாய் பாதுகாவலராகக் கையெழுத்திட்டு ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பித்தார். தந்தை கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் தாய்தான் பாதுகாவலர் என்பதற்கு உரிய அதிகாரியின் சான்று வேண்டும் என்று வங்கி திருப்பியனுப்பியது. பெற்றோர் இருவரும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது: 'பின்' என்பதற்குத் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது. தந்தை பொறுப்பில் இல்லாத நிலையிலும் தாய் பாதுகாவலராகலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தின் ஒரு கட்டத்தைத் திறக்கப் பதினைந்து ஆண்டுகள்! அப்போதும் சட்ட வரியில் தந்தை முன்னே, தாய் பின்னே என்ற வரிசை மாறவில்லை, பொருள்தான் மாறியது. 2015இல் மணமாகாத தாய் ஒருவர், தந்தைக்கு அறிவிக்காமலே தம் குழந்தையின் பாதுகாவலராக முடியும் என்று அதே நீதிமன்றம் தீர்த்தது.

2023ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாதவரின் தரவைக் கையாள, சரிபார்க்கத் தக்க பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சில விலக்குகளோடு, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் தடுக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கவனியுங்கள், 'பெற்றோரில் ஒருவர்' என்பதே அந்தச் சட்டத்துக்குப் போதுமானது. முதன்மை, இரண்டாம் என்ற வரிசை அதில் இல்லை. அந்த வரிசையைச் சேர்த்தது படிவத்தை வரைந்தவரின் பழக்கம்.

பழக்கம் மாறக்கூடியது என்பதற்கும் நம்மிடமே சான்று உண்டு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், குடும்ப அட்டைக்காக வீட்டின் மூத்த பெண்ணையே குடும்பத் தலைவராகக் கொள்ளச் சொன்னது. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில், மாதம் 1,000 ரூபாய் குடும்பத் தலைவிக்கு என்றபோது, அட்டையில் கணவன் பெயர் தலைவராக இருக்கிறதே என்று பெண்கள் பதறினார்கள். அட்டையை மாற்ற வேண்டாம், தலைவர் ஆணாக இருந்தால் அவர் மனைவியே குடும்பத் தலைவி என்று அரசு விளக்கம் தந்தது. தலைவியைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு படிவத்துக்குக் கற்றுக்கொடுக்க முடியும்.

*

இவ்வளவும் எழுதிவிட்டு, அடுத்து நடந்ததை எழுதாவிட்டால் நேர்மை ஆகாது.

கணவரிடம் சொன்னேன். உடனே ஒப்புக்கொண்டார், கொஞ்சம் வெட்கத்தோடு. கழகத்துக்குப் போய்ப் பயிற்சியாளரிடம் இருவரையும் சமமாக வைக்க முடியுமா என்று கேட்டேன். "மேடம், நீங்க ஒண்ணு சொல்லி சார் ஒண்ணு சொன்னா நான் யாரைக் கேக்கறது? ஒருத்தர் பொறுப்பு இருந்தாதான் எனக்குச் சரிவரும்" என்றார். அவர் கெட்டவர் அல்ல. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனியாளாக ஓடுகிறவர். செயலியும் இருவருக்கு இடம் தரவில்லை. ஆகவே நான் முதன்மையாளர் ஆனேன், கணவர் இரண்டாம் பாதுகாவலர்.

அன்று முதல் என் கைபேசி ஓயவில்லை. கட்டண நினைவூட்டல், நேர மாற்றம், வருகை, புது ஒப்புதல் படிவம், போட்டி அறிவிப்பு. முன்பு கணவரின் பைக்குள் ஒலித்து அடங்கியவை இப்போது என் வகுப்பில், சமையலில், தூக்கத்தில். 2024இன் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். அந்த 289இல் இனி இந்த மணியோசையும் சேர்ந்துகொண்டது. அதிகாரம் கேட்டுப் போன எனக்குக் கிடைத்தது அதிகாரமும் எழுத்தர் வேலையும். பெண்ணைத் தலைவி ஆக்கிவிட்டு வேலையைப் பங்கிடாமல் விடுவது நமக்குப் பழகிய தந்திரம்தான்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு புதன்கிழமை 5.20க்கு 'வருகை: இல்லை' என்று செய்தி. மகள் 4.45க்கே சைக்கிளில் கிளம்பியவள். கழகத்துக்கு அழைத்தேன், வரவில்லை என்றார்கள். வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். கடற்கரைக் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சுவர்மேல் தோழியோடு உட்கார்ந்து மாங்காய்க் கீற்று தின்றுகொண்டிருந்தாள். தோழியின் வீட்டில் சண்டையாம், அழுதாளாம், அதனால் நின்றுவிட்டாளாம். நான் கத்தினேன். என் கையில் கைபேசி, திரையில் அந்தச் சிவப்பு எழுத்து. அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல" என்றாள்.

தோழியின் பக்கத்தில் உட்காரும் தோழியைத்தான் அகம் போற்றுகிறது என்று பத்தாண்டுகளாகப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த மாலையில் நான் செவிலியாக இல்லை. காப்பு மிகுதியாக, இற்செறிப்பாக இருந்தேன். முதன்மைக் கட்டத்தில் தந்தைக்குப் பதில் தாயை உட்காரவைத்தால் போதும் என்று நான் நினைத்ததில் இருந்த பிழை அங்கே தெரிந்தது. அந்தக் கட்டம் யார் உட்கார்ந்தாலும் அவரைக் காவல்காரராக்குகிறது. பிள்ளைக்கு அதில் கணக்கே இல்லை, அவள் வேறொருவர் கணக்கில் ஒரு வரி.

ஆகவே என் கோரிக்கையைத் திருத்திக்கொண்டேன். இருவர் பாதுகாவலர் என்றால் இருவருக்கும் தனித்தனி எண், தனித்தனி ஒப்புதல், சம உரிமை. பயிற்சியாளரின் சிக்கலுக்கு, எந்தெந்த முடிவுக்கு ஒருவர் போதும், எதற்கு இருவர் வேண்டும் என்று சேரும் நாளிலேயே எழுதிக்கொள்ளலாம். உறவுப் பட்டியலில் அக்காவும் ஆயாவும் எழுத ஒரு வெற்றிடம். ஒற்றைப் பெயரையும் இனிஷியலையும் ஏற்கும் பெயர்க் கட்டம். ஆபத்து என்று ஒரு தாய் சொன்னால், மறுதரப்பின் ஒப்புதலுக்குக் காத்திராமல், நேரத்தையும் இடத்தையும் உடனே மறைக்கும் வசதி. அதை ஒரு தந்தை தவறாகவோ ஒரு தாய் தவறாகவோ பயன்படுத்தக்கூடும் என்பதும் தெரியும். மறைத்த பிறகு விசாரிக்கலாம், விசாரிக்கும்வரை வாசலில் யாரும் நிற்கக் கூடாது. கடைசியாக, பிள்ளையின் ஆட்ட வரலாறு பிள்ளையோடு போக வேண்டும். தன்னைப் பற்றி யாருக்கு என்ன செய்தி போகிறது என்று அவளே பார்க்க ஒரு சன்னலும் வேண்டும்.

இவை மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கடினமானவை அல்ல என்று என்னிடம் படித்து இப்போது அந்தத் துறையில் வேலை பார்க்கும் பெண்கள் சொல்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அடுத்தமுறை ஒரு படிவத்தில் 'முதன்மை' என்ற சொல்லை எழுதும்போது, உங்களை விளையாட்டுத் திடலுக்குக் கூட்டிப்போன கை யாருடையது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

வருகைச் செய்தியை நிறுத்திவிட்டேன். புதன்கிழமைகளில் இப்போது ஆறரைக்கு வாசலில் போய் நிற்கிறேன், முடியாத நாளில் கணவர். "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்கிறோம். சில நாள் சொல்கிறாள். சில நாள் சொல்வதில்லை.